கொடைக்கானல் குளிரில் ஸ்ட்ராபெர்ரியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி?

மலைக்குளிர் இந்தச் சோதனைக்குப் பாதி உதவும், பாதி கெடுக்கும். ஸ்பிரிட் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) குளிர்ந்திருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் குளிர்ந்திருக்கக் கூடாது. காலையில் குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றுவதால்தான் பலருக்கு ஒன்றும் வருவதில்லை.

நன்றாகப் பழுத்த ஸ்ட்ராபெர்ரி மூன்று போதும். அதன் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வைச் சுருட்டி வைத்திருக்கும் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதி, மொத்தம் 56. அதனால் டி.என்.ஏ. நிறையக் கிடைக்கும். தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழையிலும் செய்யலாம். ஆனால் அதில் மூன்று தொகுதிதான். தோல் கறுக்கும் அளவுக்குக் கனியாவிட்டால் மாவுச்சத்து குறுக்கே நிற்கும்.

100 மி.லி. தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, அரை டீஸ்பூன் உப்பும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 2 டீஸ்பூனும் நுரைக்காமல் கலக்கவும். காம்பு கிள்ளிய பழத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, 2 நிமிடம் பிசையவும். மிக்சி வேண்டவே வேண்டாம். நீளமான இழையை அது சின்னாபின்னமாக்கிவிடும். சோப்புக் கரைசலில் பாதியைப் பையில் ஊற்றி மெதுவாகப் புரட்டி, வெந்நீர்க் கிண்ணத்தில் 10 நிமிடம் வைக்கவும். செல்லையும் உட்கருவையும் மூடியிருப்பது கொழுப்புச் சவ்வு. எண்ணெய்ப் பிசுக்கைப் போலவே சோப்பு அதைக் கரைக்கிறது. பிறகு வேட்டித்துணியில் வடிகட்டி, ஒடுங்கிய கண்ணாடி டம்ளரில் கால் பங்கு எடுக்கவும். துணியைப் பிழிந்தால் சக்கையும் சேர்ந்து இறங்கும்.

90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஐஸ்கட்டிக்குள் புதைத்துக் குளிரவைத்திருக்க வேண்டும். கணப்பு எரியும் அறையில் புட்டியைத் திறக்காதீர்கள். கை கழுவும் சானிடைசர் இதற்கு உதவாது. டம்ளரைச் சாய்த்து, உட்சுவரோடு ஒழுகவிட்டுச் சாறு இருக்கும் அளவுக்கு ஊற்றுங்கள். சிவப்புச் சாற்றின் மேல் தெளிந்த அடுக்கு நிற்க வேண்டும். சடாரென ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். சில நிமிடங்களில் அடுக்குகள் சேருமிடத்தில் சிறு குமிழிகளோடு வெண்பஞ்சு போல ஒன்று மேலே எழும். ஈர்க்குச்சியால் சுற்றினால் சளி போல ஒட்டிக்கொண்டு வரும். (பிள்ளைகள் முகம் சுளிப்பது இங்கேதான்.)

டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று விலக்கும். உப்பின் சோடியம் அதை அடக்க, ஆல்கஹாலில் கரைய முடியாமல் இழைகள் திரள்கின்றன. இரட்டைச் சுருளின் அகலம் 2 நானோமீட்டர்தான். தனி இழை கண்ணுக்குத் தெரியாது, தெரிவது குவியல். அதுவும் சுத்தமானதல்ல, பெக்டினும் (பழத்தின் கூழ்ப்பசை) புரதமும் கலந்திருக்கும். புரதத்தைக் குறைக்க, வடிகட்டிய சாற்றில் புதிய அன்னாசிச் சாறு சில துளி விட்டு 5 நிமிடம் பொறுத்து ஸ்பிரிட் ஊற்றலாம். புரதத்தைச் சிதைக்கும் நொதி அதில் இருக்கிறது. டின் அன்னாசியில் அந்த நொதி சூட்டிலேயே செத்திருக்கும்.

1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற விஞ்ஞானி செய்ததும் ஏறக்குறைய இதுதான். மருத்துவமனைக் கட்டுத்துணிகளின் சீழிலிருந்து செல்களை எடுத்து, பன்றி இரைப்பையின் பெப்சின் என்ற செரிமான நொதியால் புரதத்தைச் செரிக்கவைத்தார். கிடைத்ததை ‘நியூக்ளின்’ என்றார். இன்று டி.என்.ஏ. என்பது அதைத்தான். அது சுருள்படி வடிவம், அதன் படிகளான நான்கு காரங்களில் அடினின் தைமினோடும் குவானின் சைட்டோசினோடும் சேரும் என்று விஞ்ஞானிகள் வாட்சனும் கிரிக்கும் சொன்னது 1953-இல். ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் குழுவின் எக்ஸ் கதிர்ப் படம் அதற்கு முக்கியத் தடயம்.

பஞ்சு வராவிட்டால் கொட்டிவிடாதீர்கள். டம்ளரை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். வேறு புட்டி வாங்குங்கள். வந்ததைச் சிறு புட்டியில் அதே ஸ்பிரிட்டோடு மூடி வைக்கலாம்.