கண்ணிவெடியில் காலையும் பார்வையையும் இழந்தவரை நடக்கப் பழக்குதல்

கண்ணிவெடியில் கால் போன படைவீரர்களுள் சிலருக்குப் பார்வையும் சேர்ந்தே போய்விடுகிறது. அத்தகையவரை நடக்கப் பழக்கும்போது, செயற்கைக்காலுக்கும் வெண்கோலுக்கும் முன்னதாகச் செவித்திறனைப் பரிசோதித்துவிடுங்கள். வெடியதிர்ச்சியில் செவிப்பறை கிழிந்திருக்கலாம், காதிரைச்சல் தங்கியிருக்கலாம், பார்வையற்றவருக்கோ வழி சொல்வதில் பெரும்பங்கு ஒலியினுடையது.

அடுத்தது சாக்கெட், அதாவது எஞ்சிய காலைச் செருகிக்கொள்ளும், செயற்கைக்காலின் குழிவான மேற்பகுதி. காலின் எஞ்சிய பகுதி பகலில் சுருங்குவதால், காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் மாலையில் தளர்ந்து, நடக்கையில் மேலும் கீழும் அசையத் தொடங்கும். அப்போது உடனே அமர்ந்து, சாக்கெட்டுக்குள் அணியும் உறையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தொடக்க நாட்களில் சிறிது நேரமே அணிந்து, கழற்றித் தோலைச் சோதிக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்படி கையேடுகள் சொல்லும். இவருக்கு அது எப்படி உதவும்? தோலையொட்டி அணியும் மென்னுறையான லைனரைக் கழற்றியபின் புறங்கையால் தடவினால், மற்ற இடங்களைவிடச் சூடேறிய திட்டு புலப்படும். கொப்புளத்தை விரல்நுனி கண்டுபிடிக்கும். சிவப்பு 20 நிமிடத்திற்குள் மறைகிறதா என்பதை மட்டும் பார்வையுள்ள ஒருவர் கவனித்துச் சொல்லட்டும். மறையாவிட்டால், சாக்கெட்டைச் சரிசெய்யும்வரை அதை அணியலாகாது. புதிதாகக் கெட்டியான முண்டு தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வெடிக்காயங்களில் தசைக்குள் எலும்பு வளர்வது அரிதன்று.

வெண்கோலை வீசும் முறை, இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்தது. இடக்கால் முன்வரும்போது கோல்முனை வலப்பக்கத் தரையையும், வலக்கால் வரும்போது இடப்பக்கத் தரையையும் தொட வேண்டும். அடுத்த அடி விழவிருக்கும் இடத்தைக் கோல் இவ்வாறு முந்திச் சென்று தொட்டுவிடுகிறது. வீச்சு தோளகலத்தைச் சற்றே தாண்டினால் போதும். செயற்கைக்கால் அணிந்தவரின் இரண்டு அடிகளும் பெரும்பாலும் சம நேரம் எடுப்பதில்லை. எனவே கோலின் தாளத்திற்குக் காலை விரட்டாமல், காலின் தாளத்திற்குக் கோலை இசைவிக்க வேண்டும். வெண்கோல் உடல் எடையைத் தாங்காது. ஊன்றிக்கொள்ள வேண்டியவருக்கு மறுகையில் ஊன்றுகோல் தேவை.

மின்னணுக் கருவிகளைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. 1997-இல் வந்த சி-லெக் போன்ற நுண்செயலி முழங்கால்கள், அடி வைக்கும் விதத்தை உணரிகளால் அறிந்து மடங்கும் தடையை மாற்றுகின்றன; இவற்றை இரவில் மறவாமல் சார்ஜ் செய்ய வேண்டும். கேமராவில் தெரியும் காட்சியை நாவின்மேல் மின்தூண்டலாக மாற்றும் பிரெயின்போர்ட் கருவியும் உண்டு. ஆனால் அது உணர்த்துவது உருவங்களின் இருப்பையும் வடிவத்தையுமே, ஆதலால் அதை அணிந்திருக்கும்போதும் கையில் வெண்கோல் இருக்கட்டும்.