புறநகர்ப் பள்ளியின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

அமெரிக்கப் புறநகர் ஒன்றிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை எழுத முனைவோர், திறப்பு விழாவிலிருந்து தொடங்காமல், அந்தப் பள்ளி மாவட்டத்தின் (அதாவது, உள்ளூர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) கல்விக் குழுவுடைய கூட்டக் குறிப்புகளிலிருந்து தொடங்குவதே நல்லது. கட்டடச் செலவுக்குக் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்களா, எந்தக் குடியிருப்புகள் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன என்பன பெரும்பாலும் அவற்றிலேயே பதிவாகியிருக்கும். எல்லைக் கோடுகளை அவசரமின்றி ஆராயுங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், வீட்டு விற்பனையில் நிலவிய பாகுபாட்டால் பல புறநகர்ப் பள்ளிகள் வெள்ளையர் பள்ளிகளாகவே நீடித்தன. இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

பாடப்பிரிவுகளின் வளர்ச்சியை அறிய, பழைய பாடக் கையேடுகளைக் கூட்டாட்சிச் சட்டங்களோடு ஒப்பிட வேண்டும். தொழிற்கல்விக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டமும், அறிவியல், கணிதம், அயல்மொழிகளுக்கு, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதை அடுத்து வந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் நிதி வழங்கின. மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்வியுரிமையை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது.

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவை ஆண்டு மலர்களிலேயே காணலாம். 1971, 1979 மலர்களை அருகருகே விரித்து, மாணவியர் விளையாட்டு அணிகளுக்கு ஒதுக்கிய பக்கங்களை எண்ணுங்கள். பயிற்றுநர், சீருடை, போட்டி அட்டவணை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் மாணவர்களின் நினைவுகள் மிக அருமையானவை. ஆனால் அவர்கள் சொல்லும் ஆண்டுகளை அன்றைய உள்ளூர் நாளிதழோடு சரிபார்த்த பின்னரே பதிவுசெய்யுங்கள்.