சொறி: வீட்டில் எல்லோருக்கும் ஒரே ராத்திரி மருந்து

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுப்பார்கள். சொறி பரவ அது போதும். ஓசூரில் ஷிப்டு முறையில் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் தொழிலாளர் அறைகளிலும் இதே நிலைதான். சொறிப் பூச்சி பறக்காது, தாவாது. தோலோடு தோல் ஒட்டிக் கிடந்தால் ஊர்ந்து ஏறும். இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும், அதனால் மறைக்கவோ கூச்சப்படவோ ஒன்றுமில்லை.

பகலில் சும்மா இருந்து, படுத்ததும் அரிப்பு ஏறினால் முதலில் விரல் இடுக்கைப் பாருங்கள். பிறகு மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம், பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி. ஆண்குறியிலும் விதைப்பையிலும் அரிக்கும் பருக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். விரல் இடுக்கில் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை, நூல் நெளிந்தது போல சாம்பல் நிறக் கோடு தெரியலாம்; பூச்சி தோலைக் குடைந்த வழி அது. பேனா மையைத் தடவி ஸ்பிரிட்டால் துடைத்தால், கோட்டுக்குள் மட்டும் மை தங்கி நிற்கும்.

கிருஷ்ணகிரியில் மா பறிக்கும் காலத்தில் மாம்பால் பட்டும் தோல் வெந்து அரிக்கும். பார்த்தீனியம் களைச்செடியால் வரும் ஒவ்வாமை, வெயில் படும் முகம், கழுத்து, முழங்கையில் வரும். இரண்டுமே பக்கத்தில் படுத்தவருக்குத் தொற்றாது.

முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாமல் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே அரிப்பவருக்கு மட்டும் பூசினால், அரிக்காதவரிடமிருந்து பூச்சி திரும்ப வந்துவிடும். பெரும்பாலும் மருந்து வேலை செய்யவில்லை என்று புலம்புவது இதனால்தான்.

பூச வேண்டிய மருந்து பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம், பள்ளிப் பிள்ளைக்கு ஏறக்குறைய பாதி. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் ஒரு ராத்திரிக்கு 30 கிராம் டியூப் மூன்று, இரண்டு தடவைக்கு ஆறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கும்போது வீட்டு ஆள் கணக்கைச் சொல்லுங்கள்.

குளித்த சூடு ஆறி, தோல் காய்ந்தபின் பூச வேண்டும். நகத்தை வெட்டிவிட்டு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இடைவெளி விடாமல்: விரல் இடுக்கு, நகத்தின் கீழ், தொடை இடுக்கு, பிட்டத்தின் நடு, முதுகு. முதுகுக்கு அடுத்தவர் கை வேண்டும். சின்னக் குழந்தைக்குக் கண், வாய் தவிர்த்து முகம், தலையிலும். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். முட்டை எல்லாம் சாகாது என்பதால் ஏழாம் நாள் மீண்டும். அந்தத் தேதியை அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள், ஏனென்றால் அரிப்பு குறைந்ததும் மறந்துபோகும்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டாம். டாக்டர் கந்தகக் களிம்பு தருவார். சொறிக்கு விழுங்கத் தரும் ஐவர்மெக்டின் மாத்திரை கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் ஆகாது. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உடம்பில் தேய்ப்பது உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் அரிப்பை அடக்கும், பூச்சியை வளர விடும்.

பூசிய மறுநாள் காலை, கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, துண்டு, போர்வை எல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். பென்னாகரம் பக்கம் கோடையில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? கம்பளி, தலையணையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை.

பூச்சி செத்தாலும் அரிப்பு இரண்டு, நான்கு வாரம்கூட நீடிக்கும். செத்த பூச்சியும் கழிவும் தோலுக்குள் இருப்பதால் வரும் ஒவ்வாமை அது. அதற்காகத் தினமும் கிரீம் பூசினால் தோல் எரிந்து புண்ணாகும். ஆனால் புதுக் கோடோ புதுப் பருவோ வந்தால், அல்லது நான்கு வாரம் தாண்டியும் அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தாலும் அன்றே போக வேண்டும். அந்தப் புண்ணுக்குப்பின் பிள்ளையின் முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.