டாக்டர் சீட்டு இல்லாத பட்டங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். சீசன் நடுவில் நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசர் மீது ஒரு புகார் எழுதினோம். ‘இவர் ஒரு சைக்கோ, பைபோலார், இவரோடு வேலை செய்ய முடியாது’ என்பதுதான் அதன் சாரம். மேலாளர் படித்துவிட்டு, “டாக்டர் சீட்டு ஏதாவது இருக்காப்பா?” என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். புகார் அத்தோடு படுத்துவிட்டது.

முன்பெல்லாம் லூசு, கிறுக்கு என்போம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு நார்சிசிஸ்ட், ஓசிடி, கேஸ்லைட்டிங் என்கிறோம். படித்தவர்கள் வாயில் வருகிற சொல் என்பதால் வசவு மாதிரி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காலையில் சிரித்துப் பேசிவிட்டு மதியம் எரிந்து விழுகிறவரை பைபோலார் என்பதுதான் நான் அதிகம் கேட்கும் தவறு. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, உள்ளே பழம் கனிந்து ஒழுகத் தொடங்கினால் யாருக்கும் மதியத்தில் முகம் மாறத்தான் செய்யும். பைபோலார் என்பது வேறு. அதில் வரும் மேனியா என்கிற எழுச்சி நிலை, பொதுவாக ஒரு வாரமாவது நீடித்தால்தான் மருத்துவர் அப்படிப் பெயர் சொல்வார். தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிற்காது, கையில் இருக்கிற காசு தண்ணீராய்ப் போகும். மனச்சோர்வுக் கட்டம் என்றால் குறைந்தது இரண்டு வாரம்.

எங்கள் பிரிவிலேயே ஒருவர் அந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மாத்திரைக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். பெங்களூரு போகும் நாட்களில் ‘மச்சான் வீட்டு விசேஷம்’ என்று லீவு எழுதுவார். நாங்கள் சூப்பர்வைசரைப் பைபோலார் என்று சொல்லிச் சிரித்தபோதெல்லாம் அவரும் கூடவே சிரித்திருக்கிறார்.

அடுக்களை டப்பாக்களை வரிசை பிசகாமல் அடுக்கும் மாமியாருக்கு ஓசிடி என்று மருமகள் சொல்வதும் இதே கதைதான். அடுக்கி முடித்ததும் மாமியாருக்கு ஒரு திருப்தி வருகிறதே, அது ஓசிடியில் கிடையாது. வேண்டாம் என்று தள்ளினாலும் ஓர் எண்ணம் குடைந்துகொண்டே இருக்கும். அதை அடக்கக் கை கழுவ வேண்டும், பூட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகும், அல்லது செய்கிற வேலை கெடும்.

நார்சிசிஸ்ட்? அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்த ஆளுமைக் கோளாறுக்கு 9 அடையாளங்கள் சொல்லி, அவற்றில் குறைந்தது 5 இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் இளவயதிலிருந்து, வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும். கல்யாண வீட்டில் தன் பெருமையே பேசும் பெரியப்பா வெறும் தற்பெருமைக்காரர். தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது.

சைக்கோ என்ற சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். இல்லாத குரல் காதில் கேட்கும் சைக்கோசிஸ் ஒன்று. ஈவிரக்கமில்லாத சைக்கோபாத் இன்னொன்று. முதல் வகை நோயாளியைக் கண்டு ஊர் பயப்படுவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். இரண்டாவது அந்தக் கையேட்டில் தனி நோயாகவே இல்லை. அதற்கு நெருங்கிய சமூகவிரோத ஆளுமைக் கோளாறை 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் சொல்லக் கூடாது. பிளஸ் டூ பையனை வாத்தியாரே சைக்கோ என்பதை என்னவென்று சொல்ல!

ஒரு பொய் சொன்னால் கேஸ்லைட்டிங் ஆகிவிடாது. நம் நினைவையே நாம் சந்தேகிக்கும்படி திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். நேரில் பரிசோதிக்காமல் பிரபலங்களின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே விதி வைத்தது. டாக்டருக்கே அந்தக் கட்டுப்பாடு.

வேடிக்கையாக இல்லாமல் போகும் இடம் சொத்து. ஓசூர்ப் பக்கம் நிலத்தின் விலை ஏறியபின், பாகப்பிரிவினைப் பேச்சில் ‘அண்ணனுக்கு மனநிலை சரியில்லை, அவனுக்கு எதுக்குப் பங்கு’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே கையாள்கிறது. குடும்பத்தோடு, ஊரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது. உண்மையிலேயே நோய் இருந்தாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை அவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார்.

சரி, அப்போ எல்லாவற்றையும் பொறுத்துப் போவதா? அது இன்னொரு தவறு. அடிக்கிற கணவர் மீது புகார் கொடுக்க அவருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் அவர் செய்ததைத்தான் பார்க்கிறது. பெண்கள் 181-ஐ அழைக்கலாம். ‘அவர் டாக்சிக், அப்படித்தான் இருப்பார்’ என்று சொல்லிவிட்டால், பட்டமே அவருக்குச் சாக்காகவும் ஆகிவிடுகிறது. ஒருவருக்கு நிஜமாகவே உடம்புக்கு ஆகாதது போல மனதுக்கும் ஏதோ ஆகவில்லை என்று தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416.

பத்து நாள் கழித்து நாங்கள் இரண்டாவது புகார் எழுதினோம். சைக்கோ இல்லை, பைபோலார் இல்லை. எந்தத் தேதியில் யாருக்கு எத்தனை மணி நேர ஓவர்டைமை வெட்டினார், யாரை என்ன சொல்லித் திட்டினார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், அவ்வளவுதான். மேலாளர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. ஓவர்டைம் பதிவேடு கணக்குப் பிரிவுக்கு மாறியது. சூப்பர்வைசர் அந்த சீசன் முடியும்வரை கத்திக்கொண்டுதான் இருந்தார்.