வாரண்டி இருக்கும்போதே லேப்டாப் ஹேங் ஆகுதா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

3 வருஷ வாரண்டியோட வாங்கின லேப்டாப், ரெண்டரை வருஷம் ஓடிடுச்சு, இப்போ வேலை பாத்துட்டு இருக்கும்போதே திடீர்னு அப்படியே நின்னுடுது, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாத்தான் வழி. இந்த நிலைமையில பலரும் சொல்றது "பழசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்". முதல் தப்பே இதுதான். பழசான மெஷின் மெதுவா ஓடும், ஒத்துக்கிறேன், ஆனா மவுஸ் கூட நகராம மொத்தமா நிக்குதுன்னா எங்கயோ ஏதோ கெட்டிருக்கு, அது டிரைவரா (பார்ட்ஸை இயக்குற சாஃப்ட்வேர்) இருக்கலாம், எஸ்எஸ்டியா (ஃபைல் எல்லாம் இருக்கிற டிஸ்க்) ரேமா மதர்போர்டா கூட இருக்கலாம். ஹார்டுவேர்னா அதைச் சரிபண்ணித் தரத்தானே வாரண்டிக்குக் காசு குடுத்திருக்கீங்க? ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே மீதி ஆறு மாசத்தையும் ஓட்டிடாதீங்க.

அடுத்த தப்பு, கையில எந்த ஆதாரமும் இல்லாம சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறது. ஹேங் ஆகுறதுல பெரிய தொல்லையே அது நம்ம கூப்பிட்ட நேரத்துக்கு வராது, வீட்ல நாளுக்கு நாலு தடவ நிக்கிற மெஷின் கவுண்டர்ல வெச்சா சமத்தா ஓடும், அவங்களும் கொஞ்ச நேரம் டெஸ்ட் போட்டுப் பாத்துட்டு "பிராப்ளம் எதுவும் இல்ல"ன்னு எழுதித் திருப்பிக் குடுத்துடுவாங்க. அதனால ஹேங் ஆன உடனே பவர் பட்டனுக்குப் போகாதீங்க, மொதல்ல போனை எடுத்து வீடியோ ஓட விடுங்க. அப்புறம் கேப்ஸ் லாக் கீயை அழுத்திப் பாருங்க. அதோட லைட் மாறி மாறி எரிஞ்சா உள்ள சிஸ்டம் இன்னும் உயிரோட இருக்கு, டிஸ்ப்ளே பக்கமோ ஏதோ ஒரு சாஃப்ட்வேரோதான் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேத்து அழுத்தினா கிராஃபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும், அதுல மீண்டு வந்துட்டா டிரைவர் மேலதான் சந்தேகம். லைட் கூட அசையலைன்னா மொத்த சிஸ்டமும் நின்னுடுச்சுன்னு அர்த்தம், இதெல்லாம் வீடியோல தெளிவா பதிவாகட்டும்.

திரும்ப ஆன் ஆனதும் ஸ்டார்ட் மெனுல 'ரிலையபிலிட்டி'ன்னு டைப் பண்ணுங்க, 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதில மெஷின் முறையா அணையாம நின்னுச்சோ அன்னைக்கெல்லாம் சிவப்புல பெருக்கல் குறி இருக்கும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. ஈவண்ட் வியூவர் (விண்டோஸ் உள்ள நடக்கிறத எழுதி வெக்கிற பதிவு) தெரிஞ்சவங்க அதையும் பாக்கலாம், ஆனா அங்க 'கர்னல் பவர் 41'னு ஒண்ணு இருக்கேன்னு அதையே காரணம்னு நினைச்சுடாதீங்க, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம அணைஞ்சுதுங்கிறத மட்டும்தான் அது சொல்லுது, நீங்க பவர் பட்டனை அழுத்தி அணைச்சாலும் அதேதான் வரும். பாக்க வேண்டியது அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி என்ன பதிவாகியிருக்குன்னு. 'டிஸ்க்' பேர்ல ஈவண்ட் நம்பர் 7 இருந்தா பேட் பிளாக், அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இடம், 153 இருந்தா டிஸ்க் பதில் சொல்லாததால திரும்பத் திரும்பக் கேக்க வேண்டி வந்திருக்கு, 'வியா லாகர்' (WHEA-Logger)னு இருந்தா ஹார்டுவேரே தப்புன்னு சொல்லியிருக்கு.

இதைவிட சர்வீஸ் சென்டர்ல எடுபடுற ஆதாரம் கம்பெனியோட சொந்த டெஸ்ட்தான். ஆன் பண்ணும்போது டெல்லுல எஃப்12 (வர்ற மெனுல டயக்னாஸ்டிக்ஸைத் தேர்ந்தெடுக்கணும்), எச்பில எஃப்2, லெனோவோல பல மாடல்ல எஃப்10 தட்டினா விண்டோஸுக்குள்ள போகாமலே டயக்னாஸ்டிக் ஓடும். எச்பில ஃபெயில் ஆனா 24 எழுத்துல ஒரு ஃபெயிலியர் ஐடி குடுக்கும், டெல்லுல 2000-0142 மாதிரி எரர் கோடு வரும், அந்த நம்பர் டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லுது. அவங்க டெஸ்டே ஃபெயில்னு சொன்னப்புறம் யாரும் வாதாட மாட்டாங்க. சின்ன டெஸ்ட்ல பாஸ் ஆனா விட்டுடாதீங்க, ராத்திரி சார்ஜர்ல போட்டு முழு டெஸ்ட்டை ஓட விடுங்க.

இப்போ ஃபார்மேட் விஷயம். வீட்லயே அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டா மேல சொன்ன பதிவெல்லாம் அழிஞ்சுடும், ஹார்டுவேர் கெட்டிருந்தா பிரச்சனை மட்டும் அப்படியே இருக்கும். சர்வீஸ் சென்டர்லயும் பெரும்பாலும் மொத வைத்தியம் ஃபார்மேட்தான், உங்க டேட்டாவுக்கு வாரண்டில பொறுப்பே கிடையாது, ஸோ கவுண்டர் ஏறுறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க. கூடவே பலரும் கோட்டை விடுற ஒண்ணு, பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்கிறதைப் பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதி. அது ஆன்ல இருந்து மதர்போர்டு மாத்திட்டு வந்தா ஆன் பண்ணதும் 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அது இல்லைன்னா உள்ள இருக்கிறது எதுவுமே கிடைக்காது. உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அந்த கீ இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இருந்தா எழுதி வேற இடத்துல வைங்க.

வாரண்டி இருக்கும்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ தெருமுனைக் கடையிலயோ திறந்து காட்டாதீங்க. அவங்க வேலை தெரியாதவங்கன்னு சொல்ல வரல, ஒரு ஸ்க்ரூ தேஞ்சிருந்தாலோ ஒரு கிளிப் உடைஞ்சிருந்தாலோ 'கஸ்டமர் டேமேஜ்'னு எழுத சர்வீஸ் சென்டருக்கு ஒரு காரணம் கிடைச்சுடும். நீங்களே வெளில வாங்கி ரேம் போட்டிருந்தா அதைக் கழட்டிட்டு பழைய ரேமோட ஓட்டிப் பாருங்க, பல சமயம் குத்தவாளி அந்தப் புது ரேம்தான். டச்பேட் மேல தூக்கிட்டு வந்தாலோ அடிப்பக்கம் புடைச்சிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கு, அப்போ எந்த டெஸ்ட்டும் வேணாம், சார்ஜ் போடாம நேரா கொண்டு போங்க. 3 வருஷ வாரண்டி எடுத்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருஷம்தாங்கிறதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா எல்லாத்தையும்விடப் பெரிய தப்பு சர்வீஸ் சென்டர்ல கம்ப்ளெயிண்ட் எழுதித் தர்ற ஜாப் ஷீட்டைப் படிக்காம கையெழுத்துப் போடுறதுதான். நீங்க "ஹேங் ஆகுது"ன்னு சொல்லுவீங்க, கவுண்டர்ல இருக்கிறவர் 'சிஸ்டம் ஸ்லோ'ன்னு டைப் பண்ணுவார். ஸ்லோன்னா அது சாஃப்ட்வேர் கம்ப்ளெயிண்ட், ஃபார்மேட் போட்டு க்ளோஸ் பண்ணிடுவாங்க. 'ஃப்ரீஸ் ஆகுது, கீபோர்டு மவுஸ் ரெண்டும் வேலை செய்யல, பவர் பட்டன்லதான் அணைக்க வேண்டியிருக்கு'ன்னு எழுதச் சொல்லுங்க, வீடியோ காட்டினதையும் சேக்கச் சொல்லுங்க, திருப்பி வாங்கும்போது எந்த பார்ட்டை மாத்தினாங்கன்னு எழுத்துல வாங்குங்க. பிரச்சனை திரும்ப வந்தா ஒவ்வொரு தடவையும் புது கம்ப்ளெயிண்ட் நம்பர் போடுங்க. வாய்வார்த்தையா "கொண்டு வாங்க சார் பாத்துக்கலாம்"னு சொல்றத நம்பிட்டு இருந்தா, வாரண்டி முடிஞ்சப்புறம் காட்ட ஒண்ணும் இருக்காது. முடியறதுக்கு முந்தின நாள் பதிவான கம்ப்ளெயிண்ட் கூட வாரண்டிக்குள்ள வந்ததுதான், அந்தத் தேதிதான் கணக்கு.

மூணு தடவ போயும் அதே கதைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், புகாரைப் பதிஞ்சு கம்பெனிக்கு அனுப்புவாங்க. அதுலயும் நடக்கலைன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், நீங்க குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பில், ஜாப் ஷீட் எல்லாத்தோட காப்பி, வீடியோ, டயக்னாஸ்டிக் கோடு போட்டோ, கம்பெனியோட போன மெயில், இதெல்லாம் சேத்து வைங்க. பில் அந்த தெர்மல் பேப்பர்ல இருந்தா இன்னைக்கே போட்டோ எடுங்க, ஒரு வருஷத்துல எழுத்தே தெரியாமப் போயிடும்.