ஊரடங்கில் வீட்டுக்குள்ளே நாம் செய்த தவறுகள்

2020 மார்ச் 24 மாலை, கொரோனா ஊரடங்கால் தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மூடின. பல வீடுகளில் பெண்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 'இனியாவது இந்த மனுசன் குடியை விட்டுடுவார்' என்ற நம்பிக்கை அது. ஆனால் குடிக்கு அடிமையானவர் இருந்த வீடுகளுக்கு உண்மையான ஆபத்து அன்றுதான் தொடங்கியது. ஊரடங்கு நாட்களின் மனநலம் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உயிர் போனது இங்கேதான்.

மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எப்போதும் கூடுதல் வேகத்திலேயே இயங்கப் பழகிவிடும். மது திடீரென்று நின்றாலும் அந்த வேகம் உடனே நிற்காது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார். 'பேய் பிடிச்சிருக்கு' என்று கட்டிப்போடுவதோ மந்திரிக்கக் கூட்டிப்போவதோ இந்த நேரத்தில் செய்யக் கூடாத பெரும் தவறு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருந்தால் சரிசெய்யக்கூடிய நிலை இது. விட்டுவிட்டால் உயிரைப் பறிக்கும். அந்த நாட்களில் வார்னிஷையும் சானிடைசரையும் குடித்து இறந்தவர்களும் உண்டு. கேரள அரசு மருத்துவர் சீட்டின் பேரில் மது கொடுக்க முன்வந்தது; மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2-ம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்கள் சொன்னது எளிமையானது: இதற்குத் தேவை சிகிச்சை, சாராயம் அல்ல.

அடுத்த தவறு நான் செய்தது. அப்பா காலையிலிருந்து செய்தி சேனல் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். மாலையில் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்லி முடித்தபிறகும் வேறு சேனலில் அதையே மறுபடி பார்ப்பார். இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு. செய்தி பார்க்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது சரியான யோசனைதான். ஆனால் நான் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார். அது கோபத்தைவிட மோசம்.

அவர் இழந்தது தெருமுனை டீக்கடை பெஞ்சு என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. முப்பது வருசமாகக் காலை ஐந்தரை மணிக்கு அங்கே இரண்டு கூட்டாளிகளோடு பேப்பரைப் பிரித்துப் படித்தவர். அந்த இடத்தைத்தான் டிவி நிரப்பிக்கொண்டிருந்தது. தினமும் அதே ஐந்தரைக்கு மூன்று பேரையும் போனில் ஒன்றாக இணைத்துவிட்டேன். ஆளுக்கொரு டம்ளர் டீயோடு அரை மணி நேரம் அரசியல் பேசினார்கள். டிவி சத்தம் தானாகக் குறைந்தது. ஒருவரிடமிருந்து ஒரு பழக்கத்தைப் பறிக்கும் முன், அது எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று பாருங்கள்.

'தைரியமா இரு', 'எல்லாருக்கும்தானே கஷ்டம்' என்பதும் இதே வகை. சொல்பவருக்கு ஆறுதல், கேட்பவருக்குக் கதவடைப்பு. வேலை போனவரிடம் 'வாடகைக்கு என்ன பண்ணப்போற?' என்று நேராகக் கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்பது அதைவிட நூறு மடங்கு உதவி.

குழந்தைகளிடம் மறைப்பதும் தவறு. பெரியவர்கள் கிசுகிசுப்பதைக் கேட்டு அவர்கள் கற்பனை செய்துகொள்வது நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். 'பாட்டிக்குக் காய்ச்சல், டாக்டர் பார்க்கிறார், நாம் தினமும் போனில் பேசலாம்' என்ற மூன்று வாக்கியம் போதும்.

தொற்று வந்த வீட்டை நாம் நடத்திய விதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. சென்னையில் வாசலில் தகரம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவே குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதற்குப் பயந்தே பலர் அறிகுறியை மறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'சமூக இடைவெளி' என்பதைவிட 'உடல் இடைவெளி' என்பதே பொருத்தம் என்று சொன்னது. ஆறடி தள்ளி நின்றே பாலையும் காய்கறியையும் வாசலில் வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்க முடியும்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர், ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்று தானாக நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நோய் இன்னும் கடுமையாகத் திரும்பும். போன் வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான வழிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-லேயே வெளியிட்டுவிட்டது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். 'வாழவே பிடிக்கலை' என்று யாராவது சொன்னால், 'அப்படியெல்லாம் பேசாதே' என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எண்ணை நீங்களே அழுத்திக் கொடுங்கள். அன்று ராத்திரி அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.