ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்ப்பு: வேலி, குழி, வேலூர் வெயில்

ஐந்தாறு கிலோதான், சின்ன வீட்டுக்குப் போதும் என்று இதை வாங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், வளைக்குள் பதுங்கும் நரியைக் கிளப்ப 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நாய் இது. இரண்டு கையால் நெஞ்சை வளைத்துப் பிடித்துவிடலாம். நரி வளைக்காக அமைந்த அந்த உடம்பு உங்கள் கேட்டுக்கு அடியிலும் நுழையும்.

இடைவெளி மூன்று விரல் அளவுக்கு மேல் இருந்தால் தகடு அடித்துவிடுங்கள். நம் பக்கத்துக் கல்கால் வேலிக்கு வெல்ட் மெஷ் கட்டாயம். அதைத் தரையோடு நிறுத்தாமல், உட்பக்கமாக ஒன்றரை அடி மடக்கிப் படுக்க வைத்து மண் மூடுங்கள். வேலியை ஒட்டித்தான் அது பறிக்கும்; நகத்தில் கம்பி தட்டினால், தள்ளிப்போய்ப் பறிக்க வேண்டும் என்று பெரும்பாலும் தோன்றாது.

பறிப்பதை நிறுத்த முடியாது, இடத்தைத்தான் மாற்றலாம். வேப்பமர நிழலில் நாலடிக்கு மூன்றடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டிச் சலித்த மணலை நிரப்புங்கள். முதல் நாள் பொம்மையைப் பாதி தெரிய, அது பார்க்கும்போதே புதையுங்கள். நாளுக்கு நாள் ஆழம் கூட்டுங்கள். மல்லிகைப் பாத்தியில் கால் வைத்தால் கத்தாமல் தூக்கிவந்து குழியில் விடுங்கள். இரவில் சாக்கு போட்டு மூடாவிட்டால் பூனைகள் அசிங்கம் செய்துவிடும்.

பந்து எறிந்தே களைக்கவைக்கப் பார்ப்பது வீண், தெம்புதான் கூடும். வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவில் பத்துத் துண்டாக்கி, செங்கல் இடுக்கிலும் தென்னை மட்டைக்கு அடியிலும் ஒளித்துத் தேடவிடுங்கள். இருபது நிமிடம் மோப்பம் பிடித்தால் தானே படுத்துவிடும்.

மார்ச் முதல் ஜூன் வரை காலை ஆறரைக்குள் நடை முடியட்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் கூட்டிப்போகாதீர்கள். அணிலைக் கண்டால் இது மூச்சிரைப்பைப் பார்க்காது; நிறுத்த வேண்டியது நீங்கள். எச்சில் கெட்டியாகி நடை தள்ளாடினால் உடனே உடம்பெல்லாம் நனைத்து, விசிறிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் அந்நேரம் சுடும். குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள்.

பாலாற்றங்கரையில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். பெருச்சாளி வளையில் பாம்பும் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், நடக்கவிடாமல், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் வேண்டும். எலி விஷம் தின்றிருந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். பல விஷங்களில் ரத்தக்கசிவு சில நாள் கழித்துத்தான் தெரியும். அந்த எலி விஷத்தின் அட்டையை டாக்டரிடம் கையோடு எடுத்துப் போங்கள்.